ஒலிபரப்புக் கருவிக்குக் கரண்ட் கொடுப்பதும் பட்டனுக்குப் பெயர் எழுதுவதும்

ஆகாசவாணியின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. இன்று ஒலிபரப்பு வேலை நிலையத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவும் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டமும் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் செல்போனுக்கு நேரலையாகப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதற்காக ஒரு சிறிய மிக்ஸர், ஒன்றிரண்டு வர்ணனைப் பெட்டி, ஒரு டாக்பேக் பேனல் என்று கருவி வாங்கி வைப்பவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பங்கு இளைஞர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வர்ணனைப் பெட்டி என்பது பேசுபவருக்கு முன்னால் மேசையில் இருப்பது. மைக்கும் ஹெட்போனும் அதில் செருகப்படும். மேலே நாலைந்து பட்டன் இருக்கும். டாக்பேக் பேனல் என்பது கேமராக்காரரும் ஒலிக்காரரும் வர்ணனையாளரும் நேயர் காதுக்குப் போகாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவுவது. இவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததும் எல்லோரும் ஒலியைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். மின்சாரத்தை ஏதோ ஒரு பிளக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பட்டன் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். நேரலையின் நடுவில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். கரண்ட் போய் வந்த பிறகு, அமைத்தவர் இல்லாத நேரத்தில், வேறொருவர் வந்து அதே கருவியை ஓட்ட முடிந்தால்தான் அமைப்பு முடிந்தது என்று பொருள்.

முதலில் கருவியின் பின்புற எழுத்தைப் படியுங்கள்

100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் நேராக நம் 230 வோல்ட் லைனில் செருகலாம். 115, 230 என்று சிறிய தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கருவிகளில் இது 115-இல் இருக்கலாம். அப்படியே போட்டால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும்.

அடாப்டரில் ஓடும் கருவி என்றால் நாலு விஷயம் பொருந்த வேண்டும்: டிசியா ஏசியா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். 2 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 3 ஆம்பியர் அடாப்டர் போடுவதில் தவறில்லை, 1 ஆம்பியர் போட்டால் ஹெட்போன் சத்தத்தைக் கூட்டும்போது கருவி அணைந்து அணைந்து எரியும். உருளை பிளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றுபோல் இருக்கும். உள்துளை மட்டும் 2.1, 2.5 என்று இருவகை. 2.1 துளை பிளக் 2.5 ஊசியில் ஏறாது, அது தெரிந்துவிடும். 2.5 துளை பிளக் 2.1 ஊசியில் ஏறி, வேலையும் செய்து, யாராவது மேசையைத் தட்டியதும் கரண்ட் விட்டுப்போகும். செருகியபின் பிளக்கை மெல்லச் சுற்றிப் பாருங்கள். விளக்கு மினுங்கினால் அது தவறான அளவு.

ஒலிபரப்புக்கென்றே செய்த கருவிகள் பலவற்றில் 12 வோல்ட் டிசிக்கு 4 பின் எக்ஸ்எல்ஆர் என்ற வட்ட இணைப்பு இருக்கும். வழக்கமான இணைப்பில் 1-ஆம் பின் மைனஸ், 4-ஆம் பின் பிளஸ். பூட்டிக்கொள்ளும் இணைப்பு என்பதால் இழுத்தாலும் கழலாது. உருளை பிளக், எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருந்தால் எக்ஸ்எல்ஆரையே பயன்படுத்துங்கள். கேபிளை நீங்களே சால்டர் செய்தால் கருவியில் மாட்டும் முன் மல்டிமீட்டரால் துருவத்தைப் பாருங்கள்.

நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் பிஓஇ வகை இப்போது அதிகம். 802.3ஏஎஃப் என்ற தரத்தில் சுவிட்ச் தருவது 15.4 வாட், கேபிளின் மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி-இல் 30 வாட் தந்து 25.5 வாட் சேரும். கருவி எந்தத் தரம் கேட்கிறது என்பதைப் பார்த்து சுவிட்ச் வாங்க வேண்டும். 8 போர்ட் சுவிட்ச் என்றால் எட்டிலும் முழு வாட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு அதன் அடியில் அச்சிட்டிருக்கும். சிசிடிவி கடைகளில் கிடைக்கும் மலிவான இன்ஜெக்டர்களில் சில, மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ அனுப்பும். தரமான பிஓஇ முதலில் கருவியிடம் சிறு மின்னழுத்தத்தில் விசாரித்து, சரியான பதில் வந்தால்தான் முழு வோல்ட்டைத் திறக்கும். கேட்காமல் அனுப்பும் இன்ஜெக்டரை ஒலிக் கருவிப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

கேபிளிலும் ஏமாற்றம் இருக்கிறது. மலிவான சுருளில் அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியிருப்பார்கள். நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை கூடுதல் என்பதால் நீளம் கூடக்கூட வோல்ட் இறங்கி, கருவி தானாக ரீஸ்டார்ட் ஆகும். முழுச் செம்புக் கேபிளில் 100 மீட்டர் வரை போகலாம்.

பிளக் பாயின்ட்டை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது அளவு 10, 15 என்று ஏறினால் நியூட்ரலில் சுமை அதிகம் அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஃபேஸ்-எர்த் அளவு 230 வராமல் நிலையில்லாமல் ஆடினால், அந்த பாயின்ட்டில் எர்த் துளை மட்டும் இருக்கிறது, எர்த் இல்லை.

எர்த் இல்லாவிட்டால் நடப்பது இது. இன்றைய பவர் சப்ளைகளின் நுழைவாயிலில் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் கருவியின் உலோக உடலோடு இணைத்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல் பாதி வோல்ட்டில், ஏறத்தாழ 115-இல் மிதக்கும். மிக்ஸர் விளிம்பில் விரல் வைத்தால் சுருக்கென்று அடிப்பதும் மைக்கில் உதடு பட்டால் குத்துவதும் இதனால்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எர்த் குழியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர இடங்களில் மணல் தண்ணீரை நிறுத்திவைக்காது. வெயில் காலத்தில் குழி காய்ந்து மின்தடை ஏறும். உப்புக்காற்று கிளாம்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆண்டுக்கு இருமுறை கிளாம்பைக் கழற்றித் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் அல்லது வாசலின் பூசுங்கள். எர்த்தின் மின்தடையை அளக்கும் எர்த் மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்தால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். 1 ஓமை ஒட்டி வந்தால் ஒலிக் கருவிகளுக்கு நிம்மதி.

ஹம் என்ற உறுமல் ஒலி வருகிறது என்று எர்த் பின்னை உடைப்பதும் இரட்டைப் பின் அடாப்டர் போடுவதும் இங்கே பரவலான வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கருவிக்குள் ஃபேஸ் உடலில் பட்டால், மைக் பிடித்திருப்பவரின் கைதான் அதற்கு எர்த். ஹம் வருவது பெரும்பாலும் இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையம் ஆவதால். எல்லா ஒலிக் கருவிகளுக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுங்கள். தூரத்து ஆம்ப்ளிஃபயர் ராக்கிலிருந்து லைன் வாங்க வேண்டி வந்தால், நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை வையுங்கள். ஒலி கடக்கும், எர்த் வளையம் அறுந்துவிடும்.

யுபிஎஸ் கணக்கு

வாட்டைக் கூட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. மிக்ஸர் 45, கணினி 150, மானிட்டர் 30, நெட்வொர்க் சுவிட்ச் 20, ரவுட்டர் 10, இரண்டு வர்ணனைப் பெட்டிக்கு 20 என்று வைத்துக்கொண்டால் 275 வாட். 1 கேவிஏ யுபிஎஸ் பெரும்பாலும் 800 வாட்தான் தரும், அது போதும். நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று இருந்தால் 252 வாட்-மணி. கணக்குப்படி 55 நிமிடம். வேகமாக உறிஞ்சும்போது அமில பேட்டரி முழுக் கொள்ளளவைத் தராது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் விழுங்கும், ஆகவே அரை மணி நேரம் என்றே நம்புங்கள். இரண்டு மணி நேரம் வேண்டுமானால் வெளியே 26 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று தேவை. அதைச் சார்ஜ் செய்யும் திறன் அந்த யுபிஎஸ்ஸுக்கு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மறந்துபோவது எப்போதும் நெட்வொர்க் சுவிட்ச்தான்: மிக்ஸர் யுபிஎஸ்ஸில் எரிந்துகொண்டிருக்கும், வர்ணனைப் பெட்டிகளுக்கு பிஓஇ கொடுக்கும் சுவிட்ச் சுவரில் செருகப்பட்டு அணைந்திருக்கும்.

திருவிழாவில் ஜெனரேட்டர் வந்தால் கதை மாறுகிறது. சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் ஏறி இறங்கும்போது ஜெனரேட்டரின் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஆடும். லைன் சரியாக இருக்கும்வரை அதையே கருவிக்கு அனுப்பும் லைன்-இன்டராக்டிவ் யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து பேட்டரியிலேயே நிற்கும். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ் காலியாகி அணைவது இதனால்தான். எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்ட் தரும் ஆன்லைன் வகை விலை கூடுதல், ஆனாலும் வெளியிட நேரலைக்கு அதுவே சரி.

அதைவிட ஆபத்தானது தற்காலிக மூன்று ஃபேஸ் வயரிங்கில் நியூட்ரல் கழல்வது. நியூட்ரல் விட்டுப்போனால் சுமை குறைந்த ஃபேஸில் இருக்கும் கருவிக்கு 230-க்குப் பதிலாக 300-க்கு மேல், மோசமான நிலையில் 400-ஐ நெருங்கக்கூட வரும். உங்கள் கருவி 275 வாட்; பக்கத்து ஃபேஸில் விளக்கு அலங்காரம் சில ஆயிரம் வாட். அடி வாங்குவது உங்கள் கருவிதான். விளக்குகள் எரியும் முன் ஒருமுறையும் எல்லாம் எரிந்த பின் ஒருமுறையும் அளந்து பாருங்கள். 250-ஐத் தாண்டினால் செருகாதீர்கள். அதிக வோல்ட்டில் தானாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் பெட்டி ஒன்று நிரந்தரமாக உங்கள் சாமான்களோடு இருக்கட்டும்.

ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று நமக்கு இரண்டு மழையும் உண்டு. இடி அதிகம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்தில். நிகழ்ச்சி இல்லாதபோது பிளக்கோடு ஆன்டெனா கேபிளையும் வெளியிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். இடி மின்லைன் வழியாக மட்டும் வருவதில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கடலோர மக்களுக்குச் செய்தி சொல்லும் கருவி என்றால் யுபிஎஸ் போதாது. 12 வோல்ட் டிசியில் நேராக ஓடும் மிக்ஸரும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் அதைச் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகச் சார்ஜ் செய்யும் சூரிய மின்தகடும் இருந்தால் இன்வெர்ட்டரே வேண்டாம்.

இரண்டு பவர் சப்ளை உள்ள கருவி கிடைத்தால், ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை வேறொரு லைனிலும் கொடுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் இரண்டு இருந்தும் ஒன்றுதான்.

பட்டன் பெயர்

கருவிக்குப் பட்டன் என்பது ஒரு எண் மட்டுமே. 3-ஆம் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை கான்ஃபிகரேஷனில், அதாவது கருவியின் அமைப்பில், நாம் சொல்கிறோம். அதன்மேல் தெரியும் பெயர் மனிதருக்கானது. பெயரையும் வேலையையும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறோம், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. ஆகவே வேலையை முதலில் ஒதுக்குங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் பெயர் எழுதி ஒட்டி, இரண்டு மூன்று நிகழ்ச்சி ஓட்டுங்கள். எந்தப் பட்டனைத் தேடிக் கை தடுமாறுகிறது என்பது அப்போது தெரியும். இடத்தை மாற்றி முடித்தபின் நிரந்தரப் பெயர்.

பெயரில் ஆளைப் போடாதீர்கள், பொறுப்பைப் போடுங்கள். இந்த ஆண்டு கேமரா பார்ப்பவர் அடுத்த ஆண்டு துபாயில் இருப்பார். "கேமரா 2" அங்கேயே இருக்கும். "கோயில்" என்று மட்டும் எழுதினால் கோயிலோடு பேசவா, கோயில் ஒலியைக் கேட்கவா என்று தெரியாது. "கோயில் பேச", "கோயில் கேட்க" என்று இரண்டு சொல் போட்டால் குழப்பமில்லை. இருமலோ தும்மலோ வரும்போது மைக்கை ஒரு கணம் அடைக்கும் பட்டன் பெரும்பாலான வர்ணனைப் பெட்டிகளில் உண்டு. அதற்கு "இருமல்" என்றே எழுதுங்கள். முதல்முறை உட்காரும் வர்ணனையாளருக்கும் உடனே விளங்கும். அழுத்தியிருக்கும்வரை மட்டும் வேலை செய்யும் பட்டன், ஒருமுறை தட்டினால் நிற்கும் பட்டன் என்று இருவகை உண்டு. நிற்கும் வகைக்கு பெயரடியில் ஒரு கோடு போட்டுவையுங்கள். சிவப்பு நிறத்தை மைக் நேரலையில் இருக்கிறது என்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு.

மூடியைக் கழற்றி உள்ளே தாள் வைக்கும் வகைப் பட்டனுக்கு அளவுதான் எல்லாம். ஸ்க்ரூடிரைவர் கொண்டு நெம்பினால் விளிம்பு உடையும். பழைய ஏடிஎம் கார்டில் ஒரு துண்டு வெட்டி நெம்புங்கள். மூடியின் உட்பக்கத்தை வெர்னியரால் அளந்து 0.2 மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும்: 14.2 வந்தால் 14. பெரிதானால் தாள் வளைந்து பட்டன் ஒட்டிக்கொள்ளும். அச்சிடும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். அதே தாளில் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்றையும் அச்சிட்டு ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். லேசர் பிரின்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை நம் ஈரக்காற்றில் சில மாதத்தில் பரவும். அடியில் விளக்கு எரியும் பட்டனுக்கு கண்ணாடிபோன்ற ஓஎச்பி ஷீட் போட்டால் எல்இடி ஒரு புள்ளியாகக் கண்ணைக் குத்தும். டிரேசிங் பேப்பரில் அச்சிட்டால் வெளிச்சம் சீராகப் பரவும்.

தமிழில் எழுத ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் வேண்டும். 14 மில்லிமீட்டர் சதுரத்தில் 10 புள்ளி அளவில் தடித்த எழுத்து, வரிக்கு நாலு எழுத்து, மெலிந்தவையானால் ஐந்து, மொத்தம் இரண்டு வரி. மூன்றாவது வரி போட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். டிடிபி கடையில் கொடுத்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிடுவார்கள். அந்த ஃபைல் வேறு கணினியில் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக வாங்குங்கள்.

சிறு திரையில் பெயர் காட்டும் கருவிகளில் வேறு தடை. பலவற்றுக்குத் தமிழே தெரியாது, வெறும் கட்டம் காட்டும். சிலவற்றுக்கு எழுத்து தெரியும், கோக்கத் தெரியாது: "மைக்" என்பதில் ஐகாரக் குறி மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி ககரத்தின் தலையில் ஏறாமல் தனியே நிற்கும். நீளமும் ஏமாற்றும். "நாகர்கோவில்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 11 குறி, யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். பெயருக்கு 16 பைட் ஒதுக்கிய கருவியில் "நாகர்" வரைதான் வரும். 8 குறி என்று எண்ணும் கருவியில் "நாகர்கோவ" என்று நிற்கும். ஆகவே "தக்கலை", "குளச்சல்" என்று எழுதிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பட்டனுக்குப் படம் ஏற்றும் வசதி இருந்தால் அதுவே நல்ல வழி. பட்டன் ஒவ்வொன்றும் சிறு திரையாக இருக்கும் ஸ்ட்ரீம் டெக் என்ற கருவியின் 15 பட்டன் மாடலில் ஒவ்வொன்றும் 72-க்கு 72 பிக்சல். 144-இல் வரைந்து சுருக்கினால் எழுத்து கூர்மையாக இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஆனால் பகல் தேரோட்டத்தில், நேர்வெயிலில் எந்தத் திரையும் மங்கும். அங்கே அச்சிட்ட மூடிதான் உதவும்.

எல்லாம் முடிந்ததும் கான்ஃபிகரேஷனைக் கருவியிலும் சேமியுங்கள், ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுங்கள். சில கருவிகளில் நீங்கள் அடித்த பெயர்கள் தற்காலிக நினைவில்தான் இருக்கும். சேமி என்று தனியாகச் சொல்லாவிட்டால் கரண்ட் போனதும் பழையபடி பட்டன் 1, பட்டன் 2 ஆகிவிடும். அப்போது மூடியில் இருக்கும் பெயர் ஒன்று, நடக்கும் வேலை வேறு.

கடைசிச் சோதனை இது. எல்லாக் கருவியும் ஓடும்போது, மைக்கும் திறந்திருக்கும்போது, மெயின் சுவிட்சை அணையுங்கள். எவை அணைந்தன, எவை நின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். யுபிஎஸ்ஸையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுங்கள். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரை மட்டும் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் டப்பென்று அடிக்கும். பெயர்கள் அப்படியே இருக்கின்றனவா, பிரீசெட் (சேமித்துவைத்த அமைப்பு) பழையதா புதியதா, மைக் மூடிய நிலையில் எழுந்ததா என்று பாருங்கள். மைக் திறந்தபடி எழுந்தால் தொடக்க நிலை அமைப்பில் மாற்றுங்கள். பிறகு இந்த வேலையில் சேராத ஒருவரை உட்காரவைத்து, மறுமுனையில் ஒருவரை ஹெட்போனோடு நிறுத்தி, ஒவ்வொரு பட்டனாக அழுத்தச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அந்தப் பெயரை மாற்றி எழுதுங்கள். மிச்சமுள்ள வெற்றுத் தாள்களையும் பட்டன் பட்டியலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.